ஆறு கார், ரெண்டு நாள் வட்டி

மறுபடியும் அந்தப் படம் சுத்த ஆரம்பிச்சாச்சு. சிவப்பு ஃபெராரி, பக்கத்தில் விஜய் மல்லையாவின் சிரித்த முகம், கீழே கொட்டை எழுத்தில் "ஏலத்துக்கு வந்த அபூர்வ கார்கள், வங்கிப் பணம் வசூல்!" செய்தி 2018ல் வந்தது. ஆனால் நம்ம ஆட்களுக்கு அது வருஷா வருஷம் புதுசாக வரும். இந்த வாரம் மட்டும் மூணு வாட்ஸப் குழுவில் பார்த்துவிட்டேன். கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். ஒரு நண்பர் "நீதி வென்றது" என்றே எழுதிவிட்டார்.

கைதட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா எதுக்குத் தட்டறோம்னு தெரிஞ்சுக்கிட்டுத் தட்டணும் இல்லையா? நான் படிச்சது பி.காம், இருபது வருஷமா பார்ப்பது வங்கி வேலை. எனக்குத் தெரிஞ்சது கணக்கு ஒண்ணுதான். அதைப் போட்டுக் காட்டறேன்.

2017 ஜனவரியில் பெங்களூரு கடன் வசூல் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு: 6,203 கோடி ரூபாய், ஆண்டுக்கு 11.5 சதவீத வட்டியுடன். கேட்டது ஸ்டேட் வங்கி தலைமையில் 13 வங்கிகள். 2018 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம், இந்த உத்தரவை இங்கிலாந்திலும் செயல்படுத்தலாம் என்றது. அவர்கள் கணக்கில் தொகை 114.5 கோடி பவுண்டு. அதே வருஷம் அக்டோபரில் அவருடைய ஆறு கார்களை விற்க அனுமதி கிடைத்தது. ரெண்டு ஃபெராரி, ஒரு மேபாக், ஒரு போர்ஷே, ஒரு ரேஞ்ச் ரோவர், ஒரு மினி. ஆறும் சேர்ந்து 4,04,000 பவுண்டுக்குக் குறையாமல் விற்கணும் என்பது நிபந்தனை.

அன்றைய மதிப்பில் அது நாலு கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைச்சல். இப்போ 6,203 கோடிக்கு 11.5 சதவீத வட்டி போடுங்க. வருஷத்துக்கு 713 கோடி. ஒரு நாளைக்கு ஒரு கோடியே தொண்ணூத்தஞ்சு லட்சம். ஆக, ஆறு கார் சேர்ந்து அடைத்தது ரெண்டு நாள் வட்டி. ரெண்டே நாள்! வெள்ளிக்கிழமை சாயந்திரம் வித்தா, ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள் கணக்குப் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

"அபூர்வ கார்னா கோடி கோடியா போகுமே சார்?" என்று கேட்பீர்கள். போகும். 2022 மே மாதம் 1955ம் வருஷத்து மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனது. உலகத்திலேயே ரெண்டுதான் செய்திருந்தார்கள். விற்றது மெர்சிடிஸ் கம்பெனியே, பணம் போனது கல்வி உதவித்தொகைக்கு. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. செய்ததே 36 வண்டி. அதில் ஒன்று 2018ல் 4.84 கோடி டாலருக்குப் போனது. நம்ம பக்கத்திலேயே, 2019 கடைசியில் அபுதாபி யாஸ் மரினாவில், ஷூமாக்கர் ஓட்டிய 2002ம் வருஷத்து ஃபெராரி 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த வண்டிகளை விற்றவர்களுக்கு அவசரமில்லை. நல்ல நாள் பார்த்து, நல்ல ஊர் பார்த்து, ரெண்டு கோடீஸ்வரர்கள் ஒரே பொருளுக்கு ஆசைப்படும் நேரம் பார்த்து விற்றார்கள்.

மல்லையாவின் ஆறில் அபூர்வம் என்று சொல்லத்தக்கது எஃப்512 எம் ஒன்றுதான். டெஸ்டரோசா வரிசையின் கடைசி வண்டி, 1994 முதல் 96 வரை 501 மட்டுமே செய்தார்கள். மற்றதெல்லாம் ஷோரூம் வாசலைத் தாண்டினதுமே விலை இறங்கும் ரகம். அதோடு கடனுக்குப் பிடித்த வண்டி என்றால் வாங்க வருகிறவன் முதலில் பார்ப்பது விற்கிறவனின் அவசரத்தைத்தான். வங்கியில் இதற்கென்றே தனிக் கட்டம் உண்டு: சந்தை மதிப்பு ஒன்று, கட்டாய விற்பனை மதிப்பு ஒன்று. ரெண்டாவது எப்பவும் சின்னதாகத்தான் இருக்கும்.

இது மல்லையா கதை மட்டுமில்லை. 2019ல் நீரவ் மோடியின் ரோல்ஸ் ராய்ஸ், போர்ஷே எல்லாம் ஏலத்துக்கு வந்ததே, டி.வி.யில் நாள் முழுக்க ஓட்டினார்களே, மொத்தம் வந்தது மூணு கோடிச் சில்லறை. பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரமோ 13,000 கோடிக்கு மேல்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குக் கார் மேல் கோபமில்லை. நான் தடாக்காரன். எங்க ஊரிலிருந்து பஸ் பிடித்தால் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை தாண்டி, செங்குன்றத்துக்கு முன்னால் சோழவரம். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம்தான் அங்கே ரேஸ் மைதானம். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் புது மைதானம் வரும் வரைக்கும் இந்தியாவின் பெரிய கார் ரேஸ் எல்லாம் அங்கேதான். எங்க நைனா சைக்கிள் கடை சிநேகிதர்களோடு பஸ்ஸேறிப் போய்ப் பார்த்த கதைகளைக் கேட்டே வளர்ந்தோம். எண்பதுகளின் ஆரம்பத்தில் என்ஸைன் ஃபார்முலா ஒன் காரில் அங்கே சீறிக்கொண்டு போன இளைஞர் யார் தெரியுமா? அதே விஜய் மல்லையா. "என்னா சத்தம்டா அது!" என்று நைனா சொல்லும்போது கண்ணு மின்னும். வேகத்தையும் அழகையும் ரசிப்பதில் ஒரு தப்பும் இல்லை. வசூல் கணக்கைக் கார் படம் மறைப்பதுதான் தப்பு.

சரி, பணம் வரவே இல்லையா? வந்தது. 2024 டிசம்பரில் நிதியமைச்சர் மக்களவையில் சொன்ன கணக்கு: மல்லையாவின் முடக்கப்பட்ட சொத்துகளிலிருந்து பொதுத்துறை வங்கிகளுக்குத் திரும்பியது 14,131.6 கோடி. வாங்க வேண்டியதற்கு மேலேயே வாங்கிவிட்டார்கள், கணக்குக் காட்டுங்கள் என்று அவர் 2025ல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கே போனார். 2019 ஜனவரியில் நீதிமன்றம் அவரைத் தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி என்று அறிவித்தது. அந்தச் சண்டை அவர்கள் பாடு. நான் கவனிக்கச் சொல்வது அந்தப் பணம் எந்த வழியாக வந்தது என்பதை. 2021 ஜூனில் யுனைடெட் புரூவரீஸ் பங்குகளை விற்றதில் மட்டும் 5,800 கோடிக்கு மேல். பங்குகள்தான் காப்பாற்றின. பேப்பரில் பெரிதாகப் படம் போட்ட சொத்தெல்லாம் என்ன ஆச்சு? 'கிங்ஃபிஷர்' என்ற பெயரையே அடமானமாக வாங்கியிருந்தார்கள். 2016 ஏப்ரலில் 366 கோடி அடிவிலையில் ஏலத்துக்கு வந்தது. ஒருத்தர் கூடக் கேட்கவில்லை. மும்பை கிங்ஃபிஷர் ஹவுஸுக்கு 2016ல் 150 கோடி கேட்டார்கள். பல ஏலம் தோற்று 2021ல் 52 கோடிக்குப் போனது. 2012ல் விமானங்கள் தரையிறங்கியபோது மாசக்கணக்கில் சம்பளம் வராத ஊழியர்கள் வரிசையில் கடைசியில் நின்றார்கள், வருஷக்கணக்கில்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கார் விற்பனையில் எல்லாரும் கவனிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. "4,04,000 பவுண்டுக்குக் குறையாமல்." அதாவது கடன் கட்டாதவர் என்றாலும் அவர் பொருளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடக் கூடாது, ஒரு அடிவிலை வேண்டும், ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு. எனக்கு அதில் மறுப்பே கிடையாது.

என் கேள்வி ஒன்றே ஒன்று. ஃபெராரிக்குப் போட்ட அந்த அடிவிலை எங்க ஊர் மீன் வண்டிக்கு ஏன் இல்லை?

எங்க பெரியப்பா மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். பழவேற்காடு ஏரி மீனையும் இறாலையும் ஐஸ் பெட்டியில் போட்டுச் சென்னைக்குக் கொண்டு போவார். முகத்துவாரம் அடைத்து மீன் குறைந்த வருஷம், நாலு டியூ நின்றது. ஆரம்பாக்கம் தாண்டி ரோட்டோரம் நாலு பேர் வண்டியை மறித்தார்கள், சாவியைப் பிடுங்கினார்கள், இறாலோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். மூணு வாரத்தில் யார்டிலேயே வித்தாச்சு. யாருக்கு, எத்தனைக்கு? தெரியாது. ரெண்டு மாசம் கழித்துக் கடிதம் வந்தது, விற்ற விலை போக 1,12,000 ரூபாய் பாக்கி என்று. கடிதம் வந்தது அண்ணாவுக்கு இல்லை, ஜாமீன் கையெழுத்துப் போட்ட எங்க நைனாவுக்கு. விற்ற சீட்டைக் காட்டுங்கள் என்று மூணு தடவை போனார். "மேலே கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். கடைசியில் ரிட்டயர்மென்ட் பணத்தில் கட்டினார். அந்த நிதி நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த ஹைவே ஓரமும் விசாரித்துப் பாருங்க, இதே கதையை வேறு பெயர்களோடு சொல்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், லண்டனில் மல்லையா மாட்டியதும் கடன்காரராக இல்லை. கடன் வாங்கியது கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ். அவர் போட்டது ஜாமீன் கையெழுத்து. பி.காம் படித்தவர்களுக்கு வணிகச் சட்டப் பாடம் ஞாபகம் இருக்கலாம்: 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 128வது பிரிவு. கடன்காரன் எவ்வளவுக்குப் பொறுப்போ ஜாமீன்காரனும் அவ்வளவுக்குப் பொறுப்பு. மல்லையாவுக்கும் எங்க நைனாவுக்கும் ஒரே பிரிவுதான். ஆனால் ஒருத்தர் பொருளுக்கு அடிவிலை, வக்கீல், நீதிபதி. இன்னொருத்தருக்கு ஒரு ரசீது கூட இல்லை.

"சின்னக் கடனுக்கெல்லாம் இப்படி முறை பார்த்தா வண்டிக் கடனே தர மாட்டாங்க" என்று என் துறை நண்பர்களே சொல்கிறார்கள். சும்மா சொல்லாதீங்க அய்யா. நகைக் கடனில் செய்யவில்லையா? பேப்பரில் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஏல அறிவிப்பு வருகிறதே! 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளில், ஏல அடிவிலை நகையின் நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ரெண்டு ஏலம் தோற்றால் 85 வரை இறங்கலாம், கடன் போக மிச்சப் பணத்தை ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தரணும் என்று இருக்கிறது. அதனால் நகைக் கடன் கடைகள் மூடிவிட்டனவா என்ன? கம்மலுக்கு முடிந்தது லோடு வண்டிக்கு ஏன் முடியாது?

வண்டிக்கும் விதி ஒன்றுமே இல்லாமல் இல்லை. நிதி நிறுவனங்களுக்கான நியாய நடைமுறை விதிகளில், பறிமுதலுக்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு, விற்கும் முறை எல்லாம் கடன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஆள் வைத்து வண்டியைப் பிடுங்குவதை உச்ச நீதிமன்றமே 2007ல் கண்டித்தது. விதி இருக்கிறது, எண்ணோடு சொன்ன அடிவிலைதான் இல்லை. 'முறைப்படி விற்போம்' என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு அந்த முறையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். நான் கேட்பது மூணே மூணு: வெளியாள் போட்ட மதிப்பு, அதற்குக் கீழே போகாத அடிவிலை, விற்ற சீட்டின் நகல் கடன்காரருக்கும் ஜாமீன்காரருக்கும். ஒரு பக்கம் காகிதம், அவ்வளவுதான் செலவு.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? லீவில் ஊருக்குப் போகும்போது மச்சானோ சித்தப்பாவோ "நீ வெளிநாட்டில் இருக்கே, உன் கையெழுத்துன்னா உடனே தருவாங்க" என்று பேப்பரை நீட்டுவது நம்மிடம்தான். போடாதே என்று நான் சொல்ல மாட்டேன், உறவு அப்படி. ஆனால் போடும் முன் பறிமுதல், விற்பனை பற்றிய பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பிடித்தால் ஜாமீன்காரருக்கும் நோட்டீஸ் தரணும் என்று எழுதச் சொல்லுங்கள். பாக்கிக் கடிதம் வந்தால், விற்ற விலைக்கான ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் மேலிடத்துக்குத்தான் போகும். அதே சட்டத்தின் 141வது பிரிவையும் ஞாபகம் வையுங்கள். கடன் கொடுத்தவர் அடமானப் பொருளைத் தொலைத்தாலோ, ஜாமீன்காரரின் சம்மதமில்லாமல் கைவிட்டாலோ, அந்தப் பொருளின் மதிப்பளவுக்கு ஜாமீன்காரரின் பொறுப்பு குறையும்.

கைதட்டல் மிச்சம் இருந்தால் ஒரு மீன் வண்டியை அடிவிலை போட்டு, சீட்டு காட்டி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து விற்கிற அன்றைக்குத் தட்டுவோம். நான் முதல் ஆளாகத் தட்டறேன்.

பி.கு.: உங்க ஊரில் வண்டி பறிமுதலில் விற்ற சீட்டைக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஆள் பெயர், கம்பெனி பெயர் வேண்டாம். வழி தெரிந்தால் போதும், நாலு பேருக்கு உதவும் :-)