மயில்தோகையும் அடிமைத்தளையும்

சாலமோன் மன்னரின் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன்னும் வெள்ளியும் தந்தமும் குரங்கும் மயிலும் சுமந்து வந்தன என்று அரசர் முதல் நூலின் பத்தாம் அதிகாரம் கூறுகிறது. அங்கே மயிலைக் குறிக்கும் 'துக்கியிம்' என்னும் எபிரேயச் சொல் நம் 'தோகை'யிலிருந்து பிறந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலும் இச்செய்தி உண்டு. இதைக் கேட்டதும் தமிழ்க் கிறிஸ்தவராகிய நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. கொங்கு நாட்டாராகிய நமக்கோ பெருமை இரட்டிப்பாகிறது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிக்கற்களையும் படியூர் நீலப்பச்சையையும் சாலமோனின் கருவூலத்தோடு சேர்த்துப் பேச நாம் தயங்குவதில்லை.

கொடுமணலின் தொழிற்கூடங்கள் சாலமோனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை என்பதை ஒருபுறம் வைப்போம். பதிற்றுப்பத்து பாடிய அவ்வூரின் சிறப்புக்குச் சாலமோனின் சான்று தேவையில்லை. நம் வழக்கு வேறு. இஸ்ரயேலரின் வரலாற்றில் நமக்கு உறவு தேடப் புறப்பட்ட நாம், ஏன் அரண்மனை வாசலிலேயே நின்றுவிட்டோம்? பொன்னையும் மயிலையும் எண்ணிப் பார்த்த நாம், அதே நூலின் ஐந்தாம் அதிகாரம் எண்ணிக் காட்டும் மனிதர்களை ஏன் பார்க்கவில்லை? மரம் வெட்ட லெபனோனுக்கு முறைவைத்து அனுப்பப்பட்ட கட்டாய வேலையாட்கள் 30,000 பேர். சுமை தூக்கியோர் 70,000 பேர். மலையில் கல் வெட்டியோர் 80,000 பேர். சாலமோன் இறந்ததும் மக்கள் அவர் மகன் ரெகபெயாமிடம் கேட்டது ஒன்றே: தந்தை சுமத்திய நுகத்தைக் குறைக்க வேண்டும். அவன் மறுத்தான், அரசு இரண்டாக உடைந்தது. கட்டாய வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதோனிராமை மக்கள் கல்லால் எறிந்து கொன்றார்கள். மயில் வந்த கதைக்குத் திருநூல் எழுதிய முடிவு இதுதான்.

இஸ்ரயேலரின் நம்பிக்கை அரண்மனையில் பிறந்ததன்று, செங்கற்சூளையில் பிறந்தது. பாரவோன் மெர்னெப்தா ஏறத்தாழ கி.மு. 1208-இல் நாட்டிய வெற்றிக்கல் 1896-இல் தீப்சில் கண்டெடுக்கப்பட்டது. விவிலியத்திற்கு வெளியே இஸ்ரயேல் என்ற பெயர் தோன்றும் மிகப் பழைய சான்று அதுவே என்பது பெரும்பாலான ஆய்வாளர் முடிபு. அந்த இனத்தின் வித்தையே அழித்துவிட்டதாக மன்னன் அதில் பெருமை பேசுகிறான். மன்னர்கள் கல்லில் வெட்டியது வெற்றிகளை. இஸ்ரயேலரோ, 'நாங்கள் அடிமைகளாய் இருந்தோம், எங்கள் கூக்குரலைக் கடவுள் கேட்டார்' என்பதையே தங்கள் அறிக்கையாக்கிக்கொண்டார்கள். முதற்கனிக் கூடையோடு திருமுன் வரும் உழவன் தன் முன்னோரின் அலைச்சலையும் அடிமை வாழ்வையும் சொல்லியே காணிக்கை வைக்க வேண்டும் என்கிறது இணைச் சட்டத்தின் 26-ஆம் அதிகாரம். விளைச்சல் வந்த நாளிலும் வறுமையை மறவாத சமயம் அது.

அந்த நினைவிலிருந்தே அவர்களின் சட்டம் முளைத்தது. ஓய்வுநாள் வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்று, அடிமைக்கும் ஆட்டுமாட்டுக்கும் உரியது. ஏழாம் ஆண்டில் கடன் தள்ளுபடி. விடுதலையாகும் அடிமையை வெறுங்கையாய் அனுப்பலாகாது. களத்திலிருந்தும் மந்தையிலிருந்தும் அவனுக்குத் தாராளமாய்க் கொடுத்தனுப்ப வேண்டும். ஐம்பதாம் ஆண்டில் இழந்த நிலம் திரும்ப வேண்டும்.

இச்சட்டத்தை அவர்கள் எப்போதும் காத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டபோது அச்சத்தில் அடிமைகளை விடுவித்தவர்கள், படை சற்று விலகியதும் அவர்களை மீண்டும் பிடித்துக்கொண்டார்கள். இதற்காகவே எரேமியா அந்நகரின் அழிவை அறிவித்தார். கி.மு. 587 அளவில் நகர் வீழ்ந்தது. நாடுகடத்தப்பட்டுத் திரும்பி வந்தபின்னும், பஞ்ச காலத்தில் வயலையும் மக்களையும் அடகு வைத்த ஏழைகளின் ஓலம் நெகேமியாவின் காதில் விழுந்தது. தாமும் தம் உறவினரும் கடன் கொடுத்திருப்பதை அவர் மறைக்கவில்லை. வட்டியை விடுவோம், வயலைத் திருப்பிக் கொடுப்போம் என்று பெரியோரிடம் சபை நடுவே வாக்கு வாங்கினார். இவற்றையெல்லாம் 'யூதரின் பிடிவாதம்' என்று ஒதுக்கிப் படிப்பவர்கள், தங்கள் முகம் காட்டும் கண்ணாடியைப் பிறர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

நம் மண்ணுக்கு வருவோம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதற்குப் பின்னும் கொங்கு நாட்டு விசைத்தறிப் பட்டறைகளில் 'பாக்கி' என்ற சொல் குடும்பங்களைக் கட்டிப்போட்டது. முன்பணம் வாங்கியவர் கணக்கு முடியாமல் அடுத்த பட்டறைக்குப் போக முடியாது. பஞ்சாலைகளில், மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி ஏழைப் பெண்களை விடுதிக்குள் வைத்து வேலை வாங்கியதற்கு 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயர் சூட்டினார்கள். பாரவோனுக்குக்கூட இந்தச் சொல்லழகு தோன்றியிருக்காது! தமிழகத் திருச்சபைக்குள் தனிக் கல்லறையும் தனித் தெருவும் இருந்த கதை நாம் அறியாததன்று. தலித் கிறிஸ்தவர் நம் நடுவிலேயே தீண்டாமையைச் சந்திப்பதை 2016-இல் இந்திய ஆயர் பேரவையின் தலித் மேம்பாட்டுக் கொள்கையே ஒப்புக்கொண்டது.

இதைச் சொன்னால் நம்முள் சிலர் முகம் சுளிப்பர். 'அது பழைய ஏற்பாடு, சட்டத்தின் காலம்; நமக்கு அன்பின் காலம்' என்பர். இது புதிய வாதமன்று. பழைய ஏற்பாட்டைக் கழித்துவிட முயன்ற மார்சியோனை உரோமைத் திருச்சபை கி.பி. 144-இலேயே விலக்கிவிட்டது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நம் ஆண்டவர் கையில் எடுத்தது எசாயாவின் சுருள். சிறைப்பட்டோர் விடுதலையையே அங்கு அவர் அறிவித்தார். பாஸ்காத் திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைக்கத் திருச்சபை இடம் தருகிறது. ஆனால் செங்கடல் கடந்த வாசகத்தை மட்டும் எக்காரணத்திற்காகவும் விடலாகாது என்று கட்டளையிடுகிறது. கையில் மெழுகுதிரியோடு அதைக் கேட்ட நாம், விடிந்ததும் யாருடைய பாக்கிக் கணக்கைப் புரட்டுகிறோம்?

நம் மறைமாவட்டத்தின் தொடக்கமே இக்கேள்விக்குச் சாட்சி. கோவை மறைப்பரப்பின் முதல் ஆயர் மரியோன் பிரெசிலாக், நம் மண்ணின் மைந்தரைக் குருக்களாக்கப் பாடுபட்டவர். சாதி வழக்கங்களோடு பின்னிய மலபார்ச் சடங்குகள் பற்றிய சிக்கலில் தம் மனச்சான்று ஒப்பாமல் பதவியைத் துறந்து 1855-இல் விடைபெற்றார். ஆப்பிரிக்க மறைப்பணிக்கென ஒரு சபையை நிறுவி, 1859-இல் சியாரா லியோனில் நோயுற்று இறந்தார். அவரைக் கலங்கவைத்த வினா அவரோடு கப்பலேறிப் போய்விடவில்லை; நம்மோடுதான் தங்கியிருக்கிறது.

ஆகவே, இனி நம் அன்பியக் கூட்டங்களில் சாலமோனின் பொன்னைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் அவருடைய கல்வெட்டியவரைப் பற்றியும் பேசுவோம். நம்மிடையே தறி உடைமையாளரும் தோட்டக்காரரும் ஆலைப் பொறுப்பாளரும் இருக்கிறார்கள். இத்தவக்காலத்தில் அவர்கள் ஒரே ஒரு பாக்கியையாவது தள்ளுபடி செய்து ஒரு குடும்பத்தை விடுவிக்கட்டும். பங்குப் பேரவைகள் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் எங்கேனும் நின்றால் இடிக்கட்டும். தோகை நம் சொல்தானா என்பதை மொழியறிஞர் ஆராய்ந்து கொள்வார்கள். அடிமைகளின் குரலைக் கேட்ட கடவுள் நம் கடவுள்தானா என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.