தவறிய பரீட்சையும் தவறாத வழியும்



சென்ற திங்கள் நம் சங்க மண்டபத்தில் மாணவர் பாராட்டு விழா நடைபெற்றதை அறிவீர்கள். உயர்ந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசு வழங்கினோம். பிறகு பந்தியில் அமர்ந்தபோது, பக்கத்து இலைக்காரரான அன்பரிடம், "தங்கள் புதல்வர் இப்போது என்ன செய்கிறார்?" என்று வினவினோம். அவர் விடை கூறவில்லை. தலை கவிழ்ந்து இலையையே நோக்கியிருந்தார். அப்புதல்வனோ சாம்பார் வாளியுடன் எங்கள் எதிரிலேயே நின்றிருந்தான். பொறியியல் நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் தவறியவன் என்பது பின்னரே தெரிய வந்தது. அக்கேள்வி இன்னும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

பிறந்த மண்ணை விட்டு வந்து, மாதச் சம்பளத்தை நம்பிக் குடித்தனம் நடத்துவோர் நாம். பிள்ளைகளின் பரீட்சையையே நிலபுலனாகக் கருதுகிறோம். ஆகவே ஒரு தோல்வி வந்தால் வீடே இருண்டுவிடுகிறது. இவ்விடத்தில், மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை நினைத்துப் பார்த்தல் நலம்.

அவ்வீட்டுத் தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். அவருடைய மகனே கல்லூரி நுழைவுப் பரீட்சையில் தவறினான். ஊரார் நாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அம்மகன் ஓராண்டு வீட்டிலிருந்து நூல்களைப் படித்தும் எழுதியும் வந்தான். 1926இல் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தான். பட்டம் பெறவும் வழக்கத்தைவிட ஓராண்டு கூடுதலாயிற்று. ஆசிரியர் வேலை சில நாளும் நிலைக்கவில்லை. சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு மைசூர் நிருபராக இருந்து சொற்ப வருவாய் ஈட்டினான். எழுதிய நாவலைப் பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினர். ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பர் அதனை கிரஹாம் கிரீன் என்னும் ஆங்கில எழுத்தாளரிடம் காட்ட, 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' லண்டனில் வெளியாயிற்று. அவரே ஆர். கே. நாராயண். 1960இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது.

அவருடைய இளவல் ஆர். கே. லட்சுமண் பம்பாயிலுள்ள ஜே. ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். போதிய திறமை இல்லையென்று மறுமொழி வந்தது. அவர் மைசூரிலேயே பட்டப்படிப்புப் படித்தார். தமையனாரின் கதைகளுக்குப் படம் வரைந்தார். பின்னர் அதே பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் 50 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேலிச் சித்திரம் தீட்டினார். கட்டம் போட்ட சட்டையுடன் நின்ற அவருடைய சாமானிய மனிதரை அறியாத இல்லம் அரிது.

தவறியவரெல்லாம் நாராயண் ஆவர் என்று நாம் சொல்ல வரவில்லை. நண்பரின் உதவியும் நற்பேறும் அவருக்கு வாய்த்தன. ஆனால் தோல்வியுற்ற அந்த ஓராண்டில் அவர் கையில் நூலும் எழுதுகோலும் இருந்தன. தம்பிக்கோ கதவு மூடிய பின்னும் வரைவதற்கு அண்ணனின் கதைகள் இருந்தன. இவ்வளவேனும் நம் வீடுகள் தரக் கூடாதா?

மீண்டும் நம் விழாவுக்கு வருவோம். அன்று உண்டவர் ஏறத்தாழ 200 பேர். அரிசிக் கணக்கு முதல் இலைக் கணக்கு வரை வகுத்தவனும், எந்த இலையும் காத்திராதபடி ஆட்களை ஏவியவனும் அந்த இளைஞனே என்று சமையற்காரர் நம்மிடம் கூறினார். நாம் வியந்தோம், வெட்கமும் உற்றோம். அவனுடைய தந்தையாரை இல்லத்தில் கண்டு மன்னிப்பு வேண்டினோம். சமையற்காரர் சொன்னதையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு உள்ளே திரும்பி, மகனைப் பெயர் சொல்லி அழைத்தார்.

வரும் ஞாயிறுதோறும் மாலையில் சங்க நூலகம் திறந்திருக்கும். அச்சகம், கணக்கு, மின்வேலை, வாணிபம் எனப் பல துறைகளில் உள்ள நம் அன்பர்கள் வந்தமர்ந்து, தத்தம் தொழிலைப் பற்றி இளைஞரோடு உரையாட வேண்டுகிறோம். தாம் தவறிய பரீட்சைகளையும் அவர்கள் மறைக்காமல் சொல்வார்களாக. முதல் ஞாயிறன்று நம்முடையதை நாமே சொல்லத் தொடங்குகிறோம்.