கிண்டியில் பதிவு செய்த பெயர் துபாயில் செல்லுமா?

கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது டிரேட்மார்க் பதிவு அலுவலகம். தென் மாநிலங்களின் விண்ணப்பங்களைக் கவனிப்பது இந்த அலுவலகம்தான். அதே சாலையில் தாம்பரம் தாண்டினால் பீர்க்கன்கரணை. வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்பவரோ, இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆப் தொடங்கியவர்களோ, இந்தப் பக்கத்து ஆட்கள் தங்கள் பிராண்ட் பெயரைப் பதிவு செய்வது இப்போது பெரிய விஷயமே இல்லை. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகள் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

சிக்கல் தொடங்குவது, துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ முதல் ஆர்டர் வரும்போது. "அதான் பதிவு பண்ணியாச்சே" என்று நினைத்தால் தப்பு. அந்தப் பதிவு இந்தியாவுக்குள் மட்டும்தான்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்?

டிரேட்மார்க் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி. இங்கே பதிவான பெயரை வேறொரு நாட்டில் இன்னொருவர் பதிவு செய்துவிட்டால், அங்கே சட்டப்படி அது அவருடையது. சீனா போன்ற நாடுகளில் யார் முதலில் பயன்படுத்தினார் என்பதைவிட, யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதே முக்கியம். பதிவைப் பிறகு எதிர்த்து வழக்குப் போடலாம். ஆனால் அதற்கான செலவும் காலமும் ஒரு சிறு தொழிலைப் படுக்க வைத்துவிடும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. டொயோட்டா தன் 'பிரையஸ்' காரை 1997-ல் ஜப்பானில் அறிமுகம் செய்தது. இந்தியாவில் அந்தப் பெயரைப் பதிவு செய்யவில்லை. கார் உதிரி பாகம் தயாரிக்கும் ஓர் இந்திய நிறுவனம் 2002-ல் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உலகம் முழுக்கப் புகழ் இருந்தால் போதாது, அந்தப் புகழ் அப்போதே இந்தியச் சந்தைக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லி, 2017 டிசம்பரில் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். டொயோட்டாவின் புகழே இங்கே செல்லவில்லை என்றால், நம்ம ஊர் ஊறுகாய் பிராண்டின் புகழ் வெளிநாட்டு நீதிமன்றத்தில் எத்தனை தூரம் செல்லும்?

சரி, பதிவு செய்தால் போதுமா?

போதாது. அதற்கு உதாரணம் டெல்லியின் 'புகாரா' உணவகம். ஐ.டி.சி. நிறுவனம் 1977-ல் தொடங்கியது. 1986-ல் நியூயார்க்கிலும் ஒரு புகாரா திறந்தது. 1987-ல் அமெரிக்காவில் பெயரும் பதிவானது. ஆனால் நியூயார்க் கிளை 1991-ல் மூடப்பட்டது, சிகாகோ கிளை 1997-ல் முடிந்தது. 1999-ல் நியூயார்க்கில் 'புகாரா கிரில்' என்று வேறொரு உணவகம் வந்தது. நடத்தியவர்களில் புகாராவின் முன்னாள் ஊழியர்களும் இருந்தனர்.

ஐ.டி.சி. வழக்குப் போட்டது. அமெரிக்கச் சட்டத்தில், தொடர்ந்து 3 ஆண்டுகள் பயன்படுத்தாத பெயர் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். மறுபடி பயன்படுத்தும் எண்ணம் இருந்தது என்று நிரூபிப்பது உரிமையாளர் வேலை. அதை நிரூபிக்க முடியாததால், பதிவு இருந்தும் ஐ.டி.சி. தோற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-ல் தந்த தீர்ப்பு இது. ஆக, வெளிநாட்டுப் பதிவு என்பது வாங்கி பீரோவில் பூட்டி வைக்கும் பத்திரம் இல்லை.

மாட்ரிட் வழி என்றால் என்ன?

ஒவ்வொரு நாட்டிலும் வக்கீல் பிடித்து அலைவதைத் தவிர்க்கவே மாட்ரிட் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவில் இது 2013 ஜூலை 8 முதல் நடைமுறையில் உள்ளது. இங்கே விண்ணப்பமோ பதிவோ இருந்தால், அதை அடிப்படையாக வைத்து, நம் பதிவகம் வழியாகவே ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பலாம். எந்தெந்த நாடுகள் வேண்டும் என்று அதிலேயே தேர்வு செய்யலாம். தமிழர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் இதில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2021 டிசம்பரில் சேர்ந்தது.

ஆனால் இது 'உலகப் பதிவு' அல்ல. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பரிசீலித்து, ஏற்கும் அல்லது மறுக்கும். அதற்கு 12 முதல் 18 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: முதல் 5 ஆண்டுகளுக்குள் இந்தியப் பதிவு ரத்தானால், அதை நம்பி நிற்கும் சர்வதேசப் பதிவும் விழும். அதனால் இங்கே அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

• இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால், அங்கேயும் இந்தியத் தேதியையே கோரலாம். இந்தச் சலுகையைத் தவறவிடாதீர்கள்.

• "நானே அங்க பதிவு பண்ணிக்கிறேன்" என்று டிஸ்ட்ரிபியூட்டர் சொன்னால் உஷார். அவர் பெயரில் பதிவானால், நாளை அவரோடு பிரிந்தால் பிராண்டும் அவரோடு போகும். பதிவு உங்கள் பெயரில், அவருக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும் என்று எழுதி வாங்குங்கள்.

• தமிழ் எழுத்து லோகோ மட்டும் போதாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் படிக்கும் ஆங்கில எழுத்து வடிவத்தையும் பதிவு செய்யுங்கள்.

• அந்த நாட்டில் விற்றதற்கான பில், விளம்பரம், இணையப் பக்கம் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். 'பயன்படுத்தினேன்' என்பதற்கு அதுதான் சாட்சி.

• ஒரே ஒரு நாடு மட்டும் போதும் என்றால், அங்கே நேரடியாக விண்ணப்பிப்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சில சமயம் அது எளிது.

யாருக்குக் கட்டுப்படியாகும்?

மாட்ரிட் விண்ணப்பத்துக்கு இந்தியப் பதிவகத்தின் கட்டணம் 5,000 ரூபாய். ஜெனீவாவுக்கு, கறுப்பு வெள்ளைச் சின்னம் என்றால் 653 சுவிஸ் பிராங்க், வண்ணம் என்றால் 903. குறைந்த தொகையே நம் கணக்கில் 60,000 ரூபாயைத் தாண்டும். அதற்கு மேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம்.

மத்திய அரசின் சிறு, குறு தொழில் அமைச்சகம் அறிவுசார் சொத்துக்காகச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் வெளிநாட்டு பேட்டன்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. டிரேட்மார்க்குக்கு 10,000 ரூபாய்தான். கண்டுபிடிப்பை ஊக்குவிப்பது சரியே. ஆனால் பொடி, பலகாரம், துணி விற்கிற சிறு தொழிலுக்கு பேட்டன்ட் எடுக்க எதுவும் இருக்காது. அதன் ஒரே அறிவுசார் சொத்து பெயர்தான்.

சிறு தொழில்களை ஏற்றுமதிக்கு அழைக்கும் அரசு, அந்தப் பெயரைக் காப்பாற்றும் செலவிலும் பங்கெடுக்க வேண்டும். குறைந்தபட்சம் முதல் இரண்டு, மூன்று நாடுகளுக்கான மாட்ரிட் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரலாம். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு பெயரைத் தேடி வழக்கு நடத்துவதோடு ஒப்பிட்டால், அது சின்னத் தொகை.

அதுவரை முடிவு உங்கள் கையில். அடுத்த பார்சலை அனுப்பும் முன், அந்த நாட்டின் டிரேட்மார்க் தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். தேடிப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது.