பனியில்லா நாட்டில் பனிமனையா?

"மலேசியாவில் குளிர்காலம் ஏது? வெயிலும் மழையுமே அறிந்த நமக்குக் கூதிரும் முன்பனியும் பின்பனியும் எதற்கு? தேர்வுக்குப் படித்து மறக்கத்தக்க சொற்களன்றோ அவை?" என்பார் நம்மிடையே உளர். தமிழ் கற்பிப்போர் சிலரும் இவ்வாறு கூறுவதே வேதனை.

அவ்வன்பர்தம் இல்லங்களுள் டிசம்பர்த் திங்களில் நுழைந்து பாருங்கள். சுவரிலே வெண்பனி மூடிய ஊசியிலைக் காடு. தரையிலே தடித்த கம்பளம். சன்னலிலே கனத்த திரை. மூடிய அறையிலே குளிரூட்டும் பொறி! தமிழரின் கூதிர் வேண்டாவாம். ஐரோப்பியரின் பனிக்காலம் மட்டும் வேண்டுமாம். இம்முரண்பாட்டை மறுப்பது நம் கடமை.

நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. ரெம்பியா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகை அளவிலேயே உள்ளது. அங்கே பனி பெய்வதில்லை. ஆயினும் அங்குள்ள பால்மரம் ஆண்டின் தொடக்கத் திங்கள்களில் இலையனைத்தையும் உதிர்த்து நிற்கும். அதற்குக் 'குளிர்காலம் கொள்ளுதல்' என்றே ஆங்கிலத்தில் பெயரிட்டனர் தோட்டத் துரைமார். வறட்சியில் நீரிழப்பைக் குறைக்க மரம் மேற்கொள்ளும் நோன்பு அது. அப்போது பால் குறையும். பின்னர்ச் செம்பு நிறத் தளிர் தோன்றும். மாசியும் பங்குனியும் பின்பனிக்குரியவை என வகுத்தனர் நம் முன்னோர். இவ்விரண்டும் பொருந்துவதை மாணவர்க்கு எடுத்துரைத்தோமா?

அதற்கு முன்வரும் ஐப்பசி, கார்த்திகை மழையோ இன்னுங் கொடிது. பட்டை நனைந்தால் பால் வெட்டுவாயை விட்டு வழிந்தோடும். மங்குகளில் மழைநீர் நிறையும். வெட்டில்லாத நாளில் கூலி குன்றியது. கூலி குன்றிய வீட்டில் அடுப்பும் சோர்ந்தது. தோட்டத் தமிழர்க்குக் குளிர்காலம் என்பது உடல் நடுக்கம் மட்டுமன்று, வயிற்றின் நடுக்கமுமாம்.

லயத்து வாழ்வைப் போற்றிப் பாடுவது என் கருத்தன்று. 1966லும் மீண்டும் 1990லும் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்துச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே அதன் இழிநிலைக்குச் சான்று. எனினும் அந்தத் தகரக் கூரையின் கீழும் ஒரு தாய் மழைக்கு முன்பே அஞ்சடியில் விறகடுக்கினாள். சுக்கு நீரும் மிளகு இரசமும் காய்ச்சினாள். கொல்லை முருங்கையைக் கொண்டே குழந்தைகளின் பசியாற்றினாள். பருவத்தை அறிந்து மனையைக் காத்த அறிவு அது. அதனை எந்தக் கடையில் விலைக்கு வாங்குவோம்?

அவ்வறிவுக்கு இலக்கியச் சான்றும் உண்டு. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளில் கூதிர்க்கால மதுரையைக் காட்டுகின்றது. அங்கே விசிறிகள் ஓய்ந்து கிடக்கின்றன. மக்கள் தண்ணீரை வெறுத்து நெருப்பின் வெம்மையை நாடுகின்றனர். இல்லத்தில் அகில் புகைகின்றது. மேகம் கதிரவனை மறைத்தபோதும், பிச்சி மொட்டு அவிழும் மணத்தால் மாலைப் பொழுதை அறிகின்றனர் மகளிர். பூவே கடிகாரமாகிய மனை அது! அகில் மரமொன்றின் அறிவியற் பெயரிலேயே மலாக்காவின் பெயர் நிலைபெற்றுள்ளது: அக்குயிலேரியா மலாக்கென்சிஸ். தமிழகத்துக்குக் கூதிர் மழையைக் கொணரும் வடகிழக்குப் பருவக்காற்றே நவம்பர் முதல் மார்ச்சு வரை நம் தீபகற்பத்தின் மீதும் வீசுகின்றது. காற்றும் உரியது, மரமும் உரியது; பாட்டு மட்டும் அந்நியமாகுமோ?

இனி நாம் செய்யத்தக்கது யாது? ஈரம் மிகுந்த இந்நாட்டில் கம்பளம் பூஞ்சைக்கும் நுண்பூச்சிக்கும் உறைவிடம். மூச்சிரைப்புள்ள குழந்தைக்கு அது பகை. அதனைச் சுருட்டி வையுங்கள். மழை ஓய்ந்ததும் சன்னலைத் திறவுங்கள். தரையினின்று உயர்த்திக் கட்டி, காற்று கீழும் மேலும் உலவ இடம் விட்ட மலாய் அண்டை வீட்டாரின் பழைய மரவீடுகளைக் கண்டு கற்றுக்கொள்ளுங்கள். வாயிலருகே பிச்சி ஒன்றை வளருங்கள். ஆனால் தொட்டியடியில் நீர் தேங்க விடாதீர்கள், ஏடிசு கொசு அங்கே குடியேறும். அகிலோ சாம்பிராணியோ புகைத்தால் அறையை அடைத்து வையாதீர்கள். இலையுதிர்க்கும் மரத்தைப் போல வேண்டாப் பொருளை உதிர்த்துவிட்டு, அவ்விடத்தே முதியோர் அமரவும் பிள்ளைகள் படிக்கவும் ஓர் ஒளியுள்ள மூலையை அமையுங்கள்.

தமிழாசிரியப் பெருமக்களே! கூதிர் என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதியவுடன் அழித்துவிடாதீர். மாணவனைச் சன்னலருகே அழைத்து மழையைக் காட்டுங்கள். இலையுதிர்ந்த பால்மரம் அருகிலிருப்பின் அதனையும் காட்டுங்கள். மாணவர்காள்! உங்கள் பாட்டியிடம் மழைக்காலத்தில் வீட்டை எவ்வாறு காத்தார் என்று கேட்டு எழுதுங்கள். கேட்கத் தவறினால், வீட்டில் பனிப்படம் இருக்கும், பருவம் இராது. பருவத்தை இழந்த வீட்டில் அதனைச் சுட்டும் தமிழும் நெடுநாள் தங்காது.