வீட்டில் படிப்பது வேறு, வீட்டோடு நிற்பது வேறு



கொஞ்சம் நீண்ட பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஊரில் ஒரு மாதமாக ஒரே கதை. ஆறாம் தரத்துக்கு வரவேண்டிய ஒரு பெண்பிள்ளையை அவளின் உம்மா பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துத் தானே படிப்பிக்கிறார். "படிச்ச திமிர்" என்றார்கள் சிலர். "குமராகப் போற புள்ள, வீட்ட இரிந்தா நல்லம்தானே" என்றார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது பேச்சுத்தான் எங்களுக்கு அதிகம் பயத்தைத் தந்தது.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள் அந்த வீட்டுக்குப் போனோம். புத்தி சொல்லி, பிள்ளையைக் கையோடு கூட்டி வருவதுதான் எங்கள் எண்ணம். அந்தத் தாய் தேத்தண்ணி தந்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "டீச்சர், என்ட புள்ளய நான் மறிச்சி வைக்கல்ல. ஒரு கிழமைக்கு வந்து பாருங்க. பொறகு செல்லுங்க."

அவர் உயர்தரம் கலைப் பிரிவில் சித்தியடைந்தவர். கல்யாணத்தோடு படிப்பு நின்றது. கணவர் சந்தியில் சின்னச் சில்லறைக் கடை வைத்திருக்கிறார்.

சொன்னபடி ஒரு கிழமை போனோம். பாடசாலை விட்டதும் மாறி மாறிப் போனோம். காலையில் நடந்த படிப்பை அவர் ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறார். அதையும் வாசித்தோம்.

திங்கட்கிழமை கணிதம். அரசாங்கம் தந்த அதே பாடநூல்தான். பின்னம். 4 பெரிய எண், 3 சின்ன எண், அப்படியிருக்க 1/4 ஏன் 1/3 ஐ விடச் சின்னது என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். உம்மா விடை சொல்லவில்லை. இரண்டு ரோஸ் பாணை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் வெட்டச் சொல்லியிருக்கிறார். பிறகு கயிற்றில் செய்தார்கள், தம்பிக்குக் கரைத்த பாலில் செய்தார்கள். கொப்பியில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. ஆனால் நாங்கள் எந்தப் பின்னத்தைக் கேட்டாலும் எது பெரியது, ஏன் பெரியது என்று பிள்ளை சொன்னாள். எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளையில் 42 பிள்ளைகள். அந்தக் கேள்வியை ஒரு பிள்ளை கேட்டிருந்தால், "முதல்ல சம் போர்ட்ல இருக்கிறத எழுதுங்க" என்றுதான் சொல்லியிருப்போம். பொய் சொல்லவில்லை, சொல்லியுமிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை தமிழ். மூத்தம்மாவிடம் 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றிக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் உம்மா. மூன்று பக்கம் எழுதியிருந்தாள். கடல் பின்வாங்கியபோது மீன் பொறுக்கப் போன பிள்ளைகளை மூத்தம்மா கத்திக் கூப்பிட்டது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, ஒரு செருப்போடு ஓடியது, இரண்டு நாளுக்குப் பிறகு வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் நின்றது. எழுத்துப் பிழை இருந்தது. ணகர, னகரம் எல்லாம் மாறிக் கிடந்தது. ஆனால் "எனது பொழுதுபோக்கு" என்ற தலைப்பில் நாங்கள் மனப்பாடம் செய்யக் கொடுக்கும் பத்து வரியை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படியொரு மூத்தம்மா இருக்கிறார். எங்களில் யார் அவரைக் கேட்டு எழுதச் சொன்னோம்?

புதன்கிழமை கொப்பியில் ஒரே வரி: "இண்டைக்குப் படிப்பில்ல. தம்பிக்குக் காய்ச்சல்." மறைக்காமல் எழுதியிருந்தார். அவ்வளவுதான் புதன்கிழமை.

வியாழக்கிழமை பிறைக் கொப்பியைக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு மொட்டைமாடியில் ஏறி, நிலா தெரிந்தால் அதன் வடிவத்தை வரைந்து வைக்கிறாள். மேகம் என்றால் "மேகம்" என்று எழுதுகிறாள். பிறை மாதம் 29 அல்லது 30 நாள் என்பதும், பன்னிரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 354 நாள்தான் வரும் என்பதும், அதனால் ரமழான் வருடத்துக்கு 11 நாளளவு முந்தி வருகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருமுறை சுற்றி அதே காலத்துக்கு வர ஏறக்குறைய 33 வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். பிறகு சுவர்க் கலண்டரைக் காட்டி, போயா விடுமுறை எல்லாம் பிறை 14, 15 ஐ ஒட்டித்தான் வருகிறது, அது ஏன் என்று கேட்டாளாம். வெசாக்கும் எங்கள் பிறையும் பார்ப்பது ஒரே நிலாவைத்தான் என்று உம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்காக வருடா வருடம் இரவில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். எங்கள் பிள்ளைகளை ஒருநாளாவது வெளியில் கூட்டிப்போய் வானத்தைக் காட்டியிருக்கிறோமா?

வெள்ளிக்கிழமை வழமை போல: ஓதல், சமையல், ஜும்ஆ. சனிக்கிழமை வாப்பாவின் கடையில் கடன் கொப்பியைக் கூட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அன்று காலை அவளுடன் ஐந்தாம் தரத்தில் படித்த பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர்கள் சந்தி திரும்பும்வரை பார்த்தாள். எங்களைக் கண்டதும் கேட்டாள்: "டீச்சர், ஆறாம் ஆண்டுல விஞ்ஞானத்துக்கு லேப்புக்குள்ள கூட்டிப் போவீங்களா?"

அந்தக் கேள்வியோடு எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைக்குப் பாடசாலை வேண்டும். பாடசாலையில் ஏதோ ஒன்றுதான் அவளுக்கு வேண்டாம்.

அது என்ன? உம்மா சொன்னார். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு ஆறு புள்ளி குறைவு. முடிவு வந்த மறுநாள் பாடசாலைக் கேற்றில் பெரிய பெனர் ஏறியது. சித்தியடைந்த ஒன்பது பிள்ளைகளின் படம். "அந்தப் படங்களுக்குக் கீழால நடந்து போக ஏலாண்டு அழுதா டீச்சர். மூணு நாள் சரியாத் தின்னல்ல. ஸ்கொலர்ஷிப் வகுப்புக்கு ரெண்டு வருசம் அனுப்பின நானும்தான் குற்றவாளி."

அந்த பெனரைக் கட்டும்போது நாங்களும் நின்றோம். ஒன்பது முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். மிச்சம் 33 பிள்ளைகளும் அதே கேற்றால்தான் உள்ளே வருவார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்வியியற் கல்லூரியில் பிள்ளை மையக் கல்வி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவர்கள் நாங்கள்.

இவ்வளவும் சொன்னதால், எல்லோரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பியுங்கள் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தாயிடம் சொன்னதை இங்கும் சொல்கிறோம்.

முதலாவது, ஒரு தாயால் எல்லாவற்றையும் கொடுக்க முடியாது. அந்த வீட்டில் சிங்களம் கதைக்க ஆளில்லை. ஆய்வுகூடம் இல்லை. ஒன்பதாம், பத்தாம் தரக் கணிதத்துக்கு வரும்போது தனக்கும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் பரீட்சைக்குத் தோற்றுவது மட்டுமா பாடசாலை? சண்டை பிடித்து, கோபித்து, திரும்பச் சேர்ந்து, பிடிக்காத ஆசிரியரிடமும் படித்து வளர்வதை எந்த வீட்டாலும் கொடுக்க முடியாது.

இரண்டாவது, சட்டம். 1998 இலிருந்து இந்த நாட்டில் 5 முதல் 14 வயதுவரை கல்வி கட்டாயம். 2016 இல் அது 16 வயதாக உயர்த்தப்பட்டது. இந்தச் சட்டம் யாரைக் காப்பாற்ற வந்தது என்று யோசியுங்கள். படித்த தாய் உள்ள பிள்ளையை அல்ல. கேட்க ஆளில்லாத பிள்ளையை.

மூன்றாவது, எங்கள் பெரிய பயம். ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பேச்சு. உம்மா வெளிநாட்டுக்குப் போனதும் தம்பி தங்கச்சியைப் பார்க்க நின்ற பிள்ளைகளை எங்கள் இடாப்பில் பார்த்திருக்கிறோம். ஒரு கிழமை வராது, இரண்டு கிழமை வராது, பிறகு பெயர் மட்டும் இருக்கும். வீட்டுக்குப் போனால் இதுவரை "வயித்துவலி", "மாமாட கல்யாணம்" என்றார்கள். நாளைக்கு "நாங்களும் வீட்டதான் படிப்பிக்கிறம் டீச்சர்" என்பார்கள். அந்த வீட்டில் சீ.ஆர். கொப்பியும் இருக்காது, பிறைக் கொப்பியும் இருக்காது. அடுப்பும் தொட்டிலும்தான் இருக்கும். வீட்டில் படிப்பது வேறு, வீட்டோடு நிற்பது வேறு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்காக, பெண்பிள்ளைகளின் படிப்புக்காகவும் சித்திலெவ்வை அவர்கள் குரல் கொடுத்து நூறு வருடம் தாண்டிவிட்டது. 1945 இல் கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வியால்தான் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர்களானோம். அந்தக் கதவைச் சாத்துவதற்கு அழகான ஒரு பெயரை நாம் கொடுத்துவிடக் கூடாது.

அதற்காக, "சட்டம் இருக்கு, அனுப்புங்க" என்று ஒரு தாயை மிரட்டிவிட்டு வர எங்களுக்கு வாய் வரவில்லை. பிள்ளை வெளியே போகக் காரணமான பிழை எங்கள் பக்கமும் இருக்கும்போது எந்த முகத்தோடு மிரட்டுவது?

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஆசிரியர்களே, புலமைப்பரிசில் பெனரை இறக்குவோம். பாராட்டவேண்டுமென்றால் காலைக் கூட்டத்தில் பாராட்டுவோம், ஐந்தாம் தரம் முடித்த 42 பிள்ளைகளையும் மேடைக்குக் கூப்பிட்டு.

பெற்றோரே, கிழமைக்கு ஒரு பின்நேரமாவது டியூஷன் இல்லாமல் விடுங்கள். கடைக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். மூத்தம்மாவிடம் கதை கேட்டு எழுதச் சொல்லுங்கள். 2020 இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது இதையெல்லாம் கொஞ்சம் செய்தோம். திறந்ததும் மறந்துவிட்டோம்.

பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் பாடசாலைக்கு வராத பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். கணக்கெடுக்க எங்களைக் கூப்பிட்டால் வருகிறோம்.

அந்தத் தாயிடம் கடைசியாகக் கேட்டோம், அனுப்புவீர்களா என்று. "பெனரக் கழட்டுங்க டீச்சர். நானே கூட்டி வாறன்" என்றார். நாங்கள் அதிபரிடம் சொன்னோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் காசு போட்டுக் கட்டியது, அவர்களைக் கேட்காமல் கழற்ற முடியாது என்றார். அதுவும் நியாயம்தான்.

வருகிற சனிக்கிழமை காலை சங்கக் கூட்டம். பெனரில் படம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைத்தான் முதலில் அழைக்கிறோம். நீங்கள் எழும்பி "கழட்டுங்க" என்று சொன்னால் வேறு யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். உங்கள் பிள்ளையின் வெற்றி அதனால் ஒரு புள்ளிகூடக் குறையாது.

இடாப்பில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே இன்னும் சிவப்புக் கோடு போடவில்லை. அவள் கேட்ட கேள்விக்கும் விடை சொல்லவேண்டியிருக்கிறது. லேப் சாவியை எடுத்து வைத்திருக்கிறோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பயனுள்ள கல்வியைத் தருவானாக.