கொலையுண்டவளின் குரல்

இருண்ட பாடல்களைப் பற்றிய பேச்செழுந்தால் ஒழுக்கக் காவலர் ஒரு வாதத்தை ஓயாது முன்வைப்பர். கொலையையும் சிதைவையும் பாடும் இசை இளைஞர் உள்ளத்தை நஞ்சாக்கும். ஆதலால் அது கலையாகாது என்பதே அவ்வாதம். எதெல் கெயின் என்னும் மேடைப்பெயர் பூண்ட அமெரிக்கப் பாடகி ஹெய்டன் அன்ஹெடோனியாவின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற பாடல் அவர்களுக்கு வாய்ப்பான இலக்காகத் தோன்றலாம். ஆயின், அப்பாடலை ஊன்றிக் கேட்போர்க்கு அவ்வாதத்தின் வறுமையே புலனாகும்.

2022 மே மாதம் வெளிவந்த ‘பிரீச்சர்ஸ் டோட்டர்’ அவரது முதலாவது முழுநீள இசைத்தொகுப்பு. அதன் 13 உருப்படிகளும் ஒரே கதையைத் தொடர்கின்றன. கதை நிகழும் ஆண்டு 1991. மதபோதகர் ஒருவரின் மகள் வீட்டைவிட்டு ஓடுகிறாள். வழியிற் கண்ட ஒருவனை நம்பி மேற்குத்திசை செல்கிறாள். அவனாலேயே கொலையுண்டு, அவனுக்கு உணவாகவும் ஆகிறாள். ஒன்பதாம் பாடலின் தலைப்பாகிய ‘டொலமேயா’, நம்பிவந்த விருந்தினருக்குத் துரோகம் இழைத்தோர்க்கென இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தில் ஒதுக்கிய பகுதியின் பெயராகும். கொடுமைக்கு நரகத்தில் இடங்குறித்துவிட்டே கதையை நடத்தும் ஒருவர் அக்கொடுமையைப் போற்றுகிறார் என்பது எவ்வாறு பொருந்தும்?

பாட்டில் இருள் உண்டா என்பதன்று கேட்கவேண்டிய வினா. அவ்விருளில் பேசுபவர் யார் என்பதே வினா. இப்பாடல் கடன்பட்டுள்ள கிரஞ்ச் இசைமரபிலேயே இதற்குத் தக்க சான்றுண்டு. நிர்வாணா குழுவினரின் ‘பொலி’ என்ற பாடல் 1991இல் வெளியான ‘நெவர்மைன்ட்’ தொகுப்பில் இடம்பெற்றது. 1987இல் உண்மையாக நிகழ்ந்த பெண்கடத்தல் ஒன்றே அதன் கரு. ஆயினும் அதிற் பேசுபவன் கடத்தியவனே. அவனைத் தோலுரித்துக் காட்டுவதே கேர்ட் கொபேயின் நோக்கம். எனினும், அப்பாடலைப் பாடிக்கொண்டே இருவர் ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினர் என்பதனை 1992இல் வெளிவந்த ‘இன்செஸ்டிசைட்’ தொகுப்பின் குறிப்பில் அவரே வேதனையும் சினமும் மேலிட எழுத நேர்ந்தது. கொடியவனின் வாய்வழியே வரும் கண்டனத்தைக் கொடியவர் தமதாக்கிக்கொள்ளல் எளிது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ பாடலில் இவ்வுறவு தலைகீழாகின்றது. பேசுபவள் கொலையுண்டவள். அமைதியாகத் தொடங்கும் அவள் குரல், கிற்றார்களின் கரகரத்த பேரோசையோடு படிப்படியாக உயர்கின்றது. தன்னை உண்டவனிடம் அவள் சீற்றங்கொள்ளவில்லை. அவனுக்குத் தான் உகந்தவளாக இருந்தேனா என்றே ஏங்குகிறாள். இது கொலைஞனுக்கு வழங்கப்படும் மன்னிப்பு எனச் சிலர் கூறலாம். அக்கூற்று ஏற்புடையதன்று. பணிதலே அன்பெனப் பிள்ளைப்பருவம் முதல் பயிற்றப்பட்ட ஒருத்தி, இறந்தபின்னும் அப்பயிற்சியிலிருந்து மீளவில்லை. அவளை அவ்வாறு வளர்த்த வீட்டையும் ஆலயத்தையும் நோக்கிய குற்றச்சாட்டே அவ்வேக்கம். ஈற்றில் அவள் கொலைஞனை விடுத்துத் தாயை நோக்கித் திரும்புகிறாள். தன் பொருட்டு வருந்தவேண்டாமென ஆறுதலும் கூறுகிறாள். மகளைக் காக்கவேண்டியோர் காவாதவிடத்து, இறந்த மகளே தாயைத் தேற்றவேண்டியிருக்கின்றது.

இப்பாடல் ஈற்றில் நிற்பதும் தற்செயலன்று. இதற்கு முன்னுள்ள ‘சன் பிளீச்ட் ஃபிளைஸ்’ ஆலய இசையின் சாயலில் அமைதியை நாடுகின்றது. தொகுப்பு அங்கேயே முடிந்திருப்பின், கேட்போர் மனநிறைவோடு எழுந்து சென்றிருப்பர். அம்மனநிறைவைக் குலைப்பதற்கெனவே ஈற்றுப் பாடல் வைக்கப்பட்டுள்ளது எனலாம்.

ஒழுக்கக் காவலரை மட்டும் கண்டித்தல் போதாது. இவளது முடிவை நகைப்புக்குரிய துணுக்காக்கிச் சுவைக்கும் இரசிகரும் உளர். முன்னவர் செவியை மூடிக்கொள்கின்றனர். பின்னவர் திறந்த செவியோடிருந்தும் கேளாதிருக்கின்றனர். இரு சாராராலும் அப்பெண்ணின் குரல் மீண்டும் ஒருமுறை அடக்கப்படுகின்றது. கொலையுண்டவள் பேசும்போது அவளை இறுதிவரை கேட்டல், கலையைச் சுவைப்போரின் கடனாகும். மனிதரின் கடனும் அதுவே.