சரக்குக்குப் பதறுகிறோம், பிள்ளைக்கு?

ஒன்றரை வயதாகியும் பிள்ளை நடக்கவில்லை. "இவன் அத்தாவும் தாமதமாகத்தான் நடந்தார்" என்கிறார் பாட்டி. எண்ணெய் தேய்க்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், மாதங்கள் ஓடுகின்றன. உக்கடம், கோட்டைமேடு மட்டுமல்ல, கொங்கு மண்டலமெங்கும் கேட்கிற சமாதானம் இது.

சகோதரர்களே! சரக்கு ஒரு வாரம் தாமதமானால் பதறுகிற நாம், பிள்ளையின் வளர்ச்சி தாமதமானால் மட்டும் பொறுமை காப்பது ஏன்?

மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான். மூளை முடக்குவாதத்தை முற்றிலும் போக்கிவிட முடியாது. ஆனால் அந்த வயதிலேயே பயிற்சி தொடங்கினால் உட்காரவும், நிற்கவும், கை நீட்டி எடுக்கவும் பல குழந்தைகள் கற்றுக்கொள்கின்றன. விட்டுவிட்டால் தசைகள் இறுகும். மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடும். இடுப்பு மூட்டு விலகவும் கூடும்.

இதைத் தடுக்கப் பாடுபடுபவர்தான் பிசியோதெரபிஸ்ட். அவர் கை கால் பிடித்துவிடுபவர் அல்ல. பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, விளையாட்டுக் காட்டியே எப்படி எட்டிப் பிடிக்க வைப்பது என்று பெற்றோருக்குக் கற்றுத்தரும் ஆசான். அவரிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். அந்தப் பாரம் முழுவதையும் தாயின் தலையில் சுமத்திவிட்டு, கடையைக் காரணம் காட்டித் தந்தை ஒதுங்குவது நியாயமா?

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியைப் பாருங்கள். கடற்படைத் தேர்வில் காயமுற்றுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதன் பயிற்சி பெற்ற ஊழியர்கள் கிராமங்களில் வீடு தேடிச் சென்று குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். கை கால் செயலிழந்த ஒருவரால் தொடங்க முடிந்தது, நடமாடும் நம்மால் முடியாதா?

கோவை அரசு மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 2013ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் வந்த மையங்களில் அதுவும் ஒன்று. அங்கே கட்டணம் இல்லை. நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லையா? ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா? உடனே கொண்டு செல்லுங்கள்.

இளைஞர்களே! மஹல்லாவில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று கணக்கெடுங்கள். ஆட்டோவுக்கு வழியில்லாமல் பாதியில் பயிற்சியை நிறுத்திய தாய்மார்கள் இருப்பார்கள். வாரம் ஒருநாள் உங்கள் வண்டியைக் கொடுங்கள். வியாபாரிகளே! பிசியோதெரபி படிக்க விரும்பும் நம் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைகொடுங்கள்.

போன சரக்கை மீண்டும் வாங்கலாம். போன வயதை வாங்க முடியாது. சமுதாயம் சிந்திக்குமா?